பச்சை எரியாத இருக்கை

ஆலா ஏர் நிறுவனம் விமானப் பணியாளர்களுக்கான தோற்ற விதிகளைக் குப்பையில் போட்ட அன்று, மீனம்பாக்கத்தில் பணியாளர் அறை வாசலில் இருந்த குப்பைத்தொட்டி நிஜமாகவே நிரம்பி வழிந்தது. ஹீல்ஸ் செருப்புகள், கொண்டை வலைகள், தோல் நிற ஸ்டாக்கிங்ஸ், கம்பெனி சொன்ன ஒரே சிவப்பில் வாங்கி வாங்கி அலுத்துப்போன லிப்ஸ்டிக்குகள். யாரோ ஒருத்தி எடை பார்க்கும் மெஷினையே இழுத்துவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கூட்டிப் பெருக்க வந்த அம்மாள், பழைய பேப்பர் நிறுக்க ஆகும் என்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எத்தனையோ பெண்களை அழவைத்த மெஷின் கடைசியில் உருப்படியான ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று வசுமதியைத் தோளில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். விமானப் பணியாளர் சங்கத்தின் செயலாளர் அவள். நாற்பதைத் தாண்டியவள். பிள்ளை பெற்றுத் திரும்பிய சமயத்தில் எடை கூடிவிட்டது என்று அவளை விமானத்திலிருந்து இறக்கி, பெட்டி நிறுக்கும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். பெட்டிகளோடு பெட்டியாகத் தன்னையும் நிறுத்துவிட்ட கோபம் அவளுக்குத் தீரவே இல்லை. வருஷக்கணக்காக மனு கொடுத்தாள், வாசலில் உட்கார்ந்தாள், பேச்சுவார்த்தை மேஜையில் தொண்டை கட்டக் கட்டப் பேசினாள். இப்போது நரைத்த தலைக்குச் சாயம் பூசாமல், தட்டையான செருப்போடு, சாம்பல் நிறப் பருத்திச் சட்டையில் விமானத்தில் நடக்கிறாள்.

கம்பெனிக்குத் திடீரென்று மனசாட்சி முளைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணாடி வந்துவிட்டது, அவ்வளவுதான். விமானத்தின் பாரத்தைக் குறைக்க இருக்கைகளுக்கு முன்னால் இருந்த திரைகளையெல்லாம் பிடுங்கிப்போட்டு, ஆளுக்கொரு மெல்லிய கண்ணாடியும் காதில் செருகிக்கொள்ள ஒரு குமிழும் கொடுத்தார்கள். படம், பாட்டு, அறிவிப்பு, ஆபத்து வந்தால் வெளியேறும் வழி, எல்லாம் அதில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் மாதிரி அதையும் போட்டே ஆக வேண்டும். அப்புறம் யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்கிறது, சீருடையையும் கண்ணாடியே வரைந்து காட்டினால் என்ன என்று. பணியாளர்கள் கழுத்திலும் கையிலும் சின்னப் புள்ளிகள் வைத்த சாம்பல் சட்டை போட்டால் போதும். பயணிக்குப் பட்டுப்புடவையாகத் தெரியும். பிறகு முகத்திலும் லேசாகக் கை வைத்தார்கள். பிறகு அந்த லேசும் போய்விட்டது. யாருடைய கண் எந்த மாதிரி முகத்தில் தங்குகிறதோ அந்த மாதிரி முகத்தை அவரவர்க்கு வரைந்து கொடுத்தது கண்ணாடி. குரலையும் விடவில்லை. ஊர்ப் பேச்சை இழைத்துத் தேய்த்து ரேடியோத் தமிழாக்கிக் காதில் ஊற்றியது. ஒரே பெண் நடந்துபோனால் வரிசைக்கு வரிசை வேறு வேறு பெண்.

அப்படியானால் உண்மையில் நீ எப்படி இருந்தால் கம்பெனிக்கு என்ன? இரு, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தபோது வசுமதிதான் சமாதானம் சொன்னாள். நம் கால் வலி போயிற்று, நம் பசி போயிற்று, அவர்கள் எதையோ பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் விடாமல் நின்றாள். நம்மை வேறு ஆளாகக் காட்டினால் அது நமக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக வாதாடி வாங்கியதுதான் கைப்பட்டை. ஒரு பயணிக்கு முன்னால் போய் நின்றால் அது எரியும். அவர் உன்னை உள்ளபடி பார்க்கிறார் என்றால் பச்சை, வேறு யாராகவோ பார்க்கிறார் என்றால் ஆரஞ்சு.

பச்சை அபூர்வம். அதனால் பணியாளர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கில் டிகாக்ஷன் காபி கொண்டுவருவார்கள். பச்சை எரிந்த பயணிக்கு மட்டும், பாக்கெட் தூளில் கலக்கிய கம்பெனி காபிக்குப் பதிலாக, அந்தக் காபி போகும். ஏன் தனக்கு மட்டும் இவ்வளவு நல்ல காபி என்று அந்தப் பயணிக்குத் தெரியாது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பச்சைக் காபி.

அந்த வழக்கத்தை ஆரம்பித்தவள் முத்தரசி. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். நல்ல கறுப்பு, நல்ல உயரம், இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை நாவல்பழச் சாறு கொட்டியது போல ஒரு பிறவி மச்சம். வேறு கம்பெனிகளில் அவளுடைய முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் லேசர் வைத்து எடுத்துவிட்டு வாம்மா என்று அன்பாகவே சொன்னார்களாம். புது விதி வந்தபின் ஆலாவின் தேர்வுக் குழுவில் சங்கத்தின் சார்பாக உட்கார்ந்திருந்த வசுமதி, இந்தப் பெண்ணை எடுக்காவிட்டால் நான் எழுந்து போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எடுத்தார்கள். அன்றிலிருந்து முத்தரசிக்கு வசுமதி என்றால் கூடப் பிறந்தவள் மாதிரி. வசுமதிக்கும் அந்தப் பெண் தன் சாதனை என்று உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதை அவள் பாசம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று. கைப்பட்டையை நிறுத்திவிடலாம். பெண்கள் பேன்ட்ரியில் நின்று அழுகிறார்கள், ஆரஞ்சு எரிந்த இருக்கைப் பக்கம் போகவே மனமில்லாமல் வேலையைத் தட்டிக் கழிக்கிறார்கள், பணியாளர்களில் பாதிப்பேருக்கு மேல் அது வேண்டாம் என்கிறார்கள் என்று கம்பெனி சொன்னது. பொய்யுமில்லை. வசுமதி டெல்லித் தலைமை அலுவலகத்துக்குப் போய், முடியாது என்று சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் முத்தரசி வீடு தேடி வந்து சொன்னாள்.

"அத மட்டும் விட்டுக் குடுத்துராதீயக்கா. அழுகிறவ அழுதுட்டுப் போறா. நம்மள நம்மளா பாக்குற ஆளு ஒண்ணு ரெண்டாவது உண்டுன்னு தெரியணும்லா. அது தெரியாம எப்டி தட்டத் தூக்கிட்டு நடக்க?"

விட மாட்டேன் என்று வசுமதி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். மறுநாள் டெல்லி விமானத்தில் முத்தரசிக்கே டூட்டி. பச்சைக் காபி எனக்கு உண்டுதானே என்று வசுமதி கேட்டதற்கு, ஒங்களுக்கு இல்லாமலா என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பணியாளர்கள் வேலை நேரத்தில் கண்ணாடி போடுவதில்லை. வசுமதி அதைப் பயணியாகப் போட்டுக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. போர்டிங் கேட்டில் வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் ஜெரால்டு வரவேற்றான். பெரம்பூர்ப் பையன், நன்றாக இருப்பான். அதே மூக்கு, அதே குறுந்தாடி, ஒரு மாற்றமும் இல்லை. வசுமதிக்கு மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. பார்த்தாயா, நம் கண்ணுக்கு இந்த ஜாலமெல்லாம் ஒட்டாது என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குத்தான் இந்த வியாதி என்று அவள் ரொம்ப நாளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

டெல்லியில் பனிமூட்டம் என்று விமானம் கிளம்பாமல் நின்றது. பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடியோடு எல்லோரும் காத்திருந்தார்கள். அப்போது ஒரு பெண் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரோடு நேராக அவளிடம் வந்தாள். மாநிறத்துக்கும் மேலே வெளுத்த நிறம், மெலிந்த உடல், துடைத்துவைத்தது போன்ற கன்னங்கள். வசுமதிக்கு அவளைத் தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"அக்கா, காபி கொண்டுவந்திருக்கிறேன்" என்றாள் அந்தப் பெண், செய்தி வாசிப்பது போல.

வசுமதி புன்னகையோடு டம்ளரைத் தள்ளினாள். "நீங்க புதுசாம்மா? இதை வேற யாருக்காவது குடுங்க. முத்தரசி எங்க? அவ கையாலதான் குடிக்கிறதா சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று வசுமதிக்குத் தோன்றியது. புதுசுகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது தன் கடமை அல்லவா. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவகூட வேலை பாக்குறீங்கல்ல, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அவ மச்சத்தை உத்து உத்துப் பாக்காதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பாத்துடுறாங்க. பாவம், அந்தப் பொண்ணு."

அந்தப் பெண் தன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "சரி அக்கா, முத்தரசியிடம் சொல்லுகிறேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

விமானம் கிளம்பி, மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்தது. வசுமதி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான்கு வரிசை தள்ளி முத்தரசி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கிழவருக்குக் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் வேறு பெண் யாரும் இல்லை. வசுமதி பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஜெரால்டும் இன்னொரு பையனும்தான். முன்னால் கேப்டனின் அறை வாசலில் நின்றவள் பழைய ஆள், வயதானவள். அந்த வெளுத்த பெண்ணை விமானம் முழுக்கத் தேடிவிட்டு வசுமதி தன் மடியில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. முத்தரசியிடமே முத்தரசி எங்கே என்று கேட்டிருக்கிறாள். முத்தரசியின் முகத்தைப் பார்த்தே, அவளைப் பாவம் என்று சொல்லியிருக்கிறாள். எழுந்து போய் விமானத்தின் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட முடிந்தால் இறங்கியிருப்பாள். பக்கத்து இருக்கைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, வெயில் என்றாள். ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம்.

பேன்ட்ரிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி இருந்தால் அது இன்னும் கேவலம் என்று பட்டது. கால்களை இழுத்துக்கொண்டு போனாள். முத்தரசி சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கக்கா, உக்காருதீயளா, தல வலிக்கா என்று எப்போதும் போலக் கேட்டாள். ஜெரால்டு வசுமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

வசுமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெஷின் என்று ஆரம்பித்தாள், கண்ணாடியில் ஏதோ கோளாறு என்றாள். முத்தரசி தட்டு அடுக்குவதை நிறுத்தவில்லை.

"விடுங்கக்கா. எங்கம்மா இதுல வந்தப்பவும் ஆரஞ்சுதான் எரிஞ்சுது. பெத்தவளுக்கே மனசுக்குள்ள ஒரு ஆச இருக்கும்லா, மக வேற மாதிரி இருந்தா நல்லாருக்கும்னு. அம்மாட்ட நான் சொல்லல, சொன்னா செத்துருவா." தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தெரியணும்னுதான நீங்க சண்ட போட்டு வாங்குனீய? தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்காக நாளைக்கு அத விட்டுக் குடுத்துராதீய."

முத்தரசி கோபப்பட்டிருந்தால் வசுமதி அழுது, காலில் விழுந்து எழுந்திருப்பாள். இந்தப் பெண் மன்னிப்பதாகக்கூடச் சொல்லவில்லை, வேலையைப் பற்றிப் பேசினாள். சரி என்று தலையாட்டிவிட்டு வசுமதி இருக்கைக்குத் திரும்பினாள். அன்று அவள் காபி குடிக்கவில்லை. யாரும் கொண்டுவரவும் இல்லை.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்தில் அவளோடு பேச உட்கார்ந்தவன் சபரிநாதன். கோயம்புத்தூர்க்காரன், கண்ணாடிப் பிரிவைப் பார்ப்பவன், மகா பணிவு. டீ வரவழைத்தான், பனியைப் பற்றி விசாரித்தான். வசுமதி கைப்பட்டையைப் பற்றிப் பேசத்தான் வந்தாள். ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு கேள்வி. கண்ணாடி தப்பாகக் காட்டுமா, ஒருத்தருடைய மனதில் இல்லாததைக் காட்டிவிடுமா என்று கேட்டாள்.

"கண்ணாடிக்குன்னு தனியா ஒரு அபிப்பிராயமும் இல்லீங்க்கா" என்றான் சபரிநாதன். "கேட்டுல மாட்டுனதுல இருந்து சீட்டுல வந்து உக்கார்ற வரைக்கும், எந்த முகத்துல உங்க கண்ணு நின்னுச்சு, எந்த முகத்துல இருந்து சட்டுன்னு விலகுச்சு, அவ்ளோதானுங்க அதுக்கு வேணும்."

"உத்துப் பாத்தா மத்தவங்க வருத்தப்படுவாங்கன்னு கண்ணை எடுத்துக்குவோம். அது மரியாதை. அதையும் வெறுப்புன்னு எழுதிக்குமா?"

"இருக்கலாமுங்க. மரியாதை எது, வெறுப்பு எதுன்னு அதுக்குத் தெரியாது. கண்ணு விலகுச்சான்னு மட்டும்தானுங்க தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "உள்ளபடி காட்டுன்னு ஒரு பட்டன்கூட வெச்சிருந்தோமுங்க. ஒருத்தரும் அமுக்கல, எடுத்துட்டோம். கண்ணு மாறுச்சுன்னா அதுவும் மாறிக்குமுங்க."

வசுமதி டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். முத்தரசி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளோடு எத்தனை பேச்சு, எத்தனை சாப்பாடு. பேசும்போதெல்லாம் அவளுடைய கண்ணைப் பார்த்தாள், தலையில் வைத்த பூவைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அந்தக் கன்னத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காமலிருப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது. அதை நாகரிகம் என்று நினைத்து, புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டில் வரிசையில் நின்றபோது முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஒருவர் நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. அங்கிருந்தும் எவ்வளவு மரியாதையாகக் கண்ணை எடுத்தாள்.

சபரிநாதன் மெதுவாகப் பேச்சைக் கைப்பட்டைக்குத் திருப்பினான். பெண்கள் படும் வேதனையைச் சொன்னான். அதில் பொய் இல்லை என்பதால் கேட்க வசதியாக இருந்தது. கடைசியாகச் சொன்னான்: "பட்டை இருந்துச்சுன்னா சங்கத்து ஆளுங்க ஏறுனாலும் எரியத்தானுங்க செய்யும். அதுவும் ஒரு சங்கடம் பாருங்க."

அவன் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று வசுமதிக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் தனக்கு என்ன வேண்டும் என்பது விளங்கிவிட்டது. இனிமேல் எந்த விமானத்தில் ஏறினாலும், தான் யாரை எப்படிப் பார்க்கிறோம் என்பது எந்தப் பெண்ணின் மணிக்கட்டிலும் எரியக் கூடாது. இந்த ஆசை எழுந்ததும் அதற்குத் தேவையான நல்ல நல்ல காரணங்கள் எல்லாம் தாமாக வந்து வரிசையில் நின்றன. அழும் பெண்கள். பாதிப்பேருக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். பெற்ற தாயைப் பற்றி மகள் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது. அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட பிறகு சபரிநாதன் எழுந்து நின்று கும்பிட்டான். உங்களை மாதிரிப் பெரிய மனசு வராதுங்க்கா என்றான். அவள் அவசரமாகக் கழிவறை எங்கே என்று கேட்டாள்.

மத்தியானத்துக்குள் அறிவிப்பு போய்விட்டது. சங்கத்தின் ஒப்புதலோடு எல்லாக் கைப்பட்டைகளும் அணைக்கப்படுகின்றன. ஃபோனில் நன்றி நன்றி என்று செய்திகள் வந்து விழுந்தன. முத்தரசியிடமிருந்து ஒன்றும் இல்லை.

திரும்பும் விமானத்திலும் அதே ஆட்கள்தான். வசுமதிக்கு அது தெரிந்தே இருந்தது. டெல்லி கேட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது அவளுக்கு ஒரு அசட்டு நம்பிக்கை வந்தது. கண் மாறினால் அதுவும் மாறும் என்றானே. வரிசையில் நின்றவர்களில் யார் முகத்தில் தழும்பு, யாருக்கு மாறுகண், யாருக்கு முகத்தில் தேமல் என்று தேடித் தேடி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். உதடு பிளந்த ஒரு பெண்ணை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில், அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய கணவன் இந்தியில் என்னவோ கேட்டான். வசுமதி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னைத் திருத்திக்கொள்ளப் போய் இன்னொருத்தியை நோகடித்ததுதான் மிச்சம்.

இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். அந்த வெளுத்த பெண் வரிசை வரிசையாகப் பெல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு மறு இல்லை. அவள் மணிக்கட்டில் பட்டை இருந்தது, ஆனால் அணைந்து கிடந்தது. வசுமதியின் வரிசைக்கு வந்ததும் நின்றாள்.

"கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று சொன்னார்கள்" என்றது ரேடியோக் குரல். "காரணம் இல்லாமல் செய்ய மாட்டீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்."

வசுமதி பொதுவாகப் பெண்களின் நிம்மதி என்று என்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் வாயிலேயே நாறின. முத்தரசி கேட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அன்றைக்கு மெஷின் கோளாறு என்று சொன்னீர்களே அக்கா. இப்போது நான் நானாகத் தெரிகிறேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அன்றைக்கும் கோளாறு இல்லை, இன்றைக்கும் இல்லை, என் கண்தான் இப்படி, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், இந்தப் பெண் அதையும் வாங்கிக்கொண்டிருப்பாள். வசுமதிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பட்டை அணைந்துவிட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற அந்தப் பாழாய்ப்போன நிம்மதி அவள் வாயைத் திறந்தது.

"நீதான் தெரியுற. நீயேதான், முத்தரசி."

முத்தரசி ஒரு விரலைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். துடைத்துவைத்த அந்தக் கன்னத்தில் விரல் நின்றது.

"இதுவும் தெரிகிறதா?"

"தெரியுதே. நல்லாத் தெரியுது" என்றாள் வசுமதி. கண்ணை எடுக்காமல், அந்த விரல் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு முத்தரசி கையை இறக்கி, வசுமதியின் பெல்ட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சந்தோஷம் அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

தப்பித்தோம் என்றுதான் வசுமதி முதலில் மூச்சுவிட்டாள். மனதில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோலக்கூட இருந்தது. விமானம் மேலே ஏறி விளக்கு அணைந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். முத்தரசி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தாள். சாம்பல் சட்டை, கறுத்த முகம், தாடை வரை இறங்கிய மச்சம். வசுமதி அந்த மச்சத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணை எடுக்காமல், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள்.

அது இடது கன்னத்தில் இருந்தது. முத்தரசி விரல் வைத்துக் காட்டியது வலது கன்னம்.

வண்டி அவளுடைய வரிசையில் வந்து நின்றது. முத்தரசி கம்பெனிப் பாக்கெட்டைக் கிழித்து, காகிதக் கோப்பையில் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கலக்கினாள். எல்லோருக்கும் சொல்வது போலவே அவளுக்கும், "காபி, மேடம்" என்று நீட்டினாள்.